கண் அழுத்தச் சொட்டு மருந்து ஆய்வில் சேரப்போகிறவர்களுக்கு

அச்சுக்குப் போகும் பக்கங்களில் விடுபட்ட புள்ளியையும் தவறிப்போன கொம்பையும் தேடிப் பிடிப்பது என் தொழில். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மெய்ப்புத் திருத்துகிறேன். கண்தான் கைமுதல். பார்வை நரம்பை மெல்ல மெல்லக் கெடுக்கும் கிளாக்கோமா எனக்கு இருப்பது தெரியவந்தபோது வயது 52. வலி இல்லை, சிவப்பு இல்லை, ஓர் எழுத்துகூட மங்கவில்லை. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் வழக்கம்போலக் கண் அழுத்தம் பார்த்தார்கள்: வலக் கண்ணில் 27, இடக் கண்ணில் 25. நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று காணும் பார்வைப் புலச் சோதனையை அடுத்து எடுத்தார்கள். அதில் வலக் கண்ணின் மூக்கோரத்தில், மேல்பக்கமாக, ஒரு சிறு இருட்டுத் திட்டு தெரிந்தது. அந்தத் திட்டை நான் ஒருநாளும் உணர்ந்ததே இல்லை.

நான்கு ஆண்டுகள் சொட்டு மருந்தில் ஓடின. ஒரு நாள் என் மருத்துவர், "புதிதாக ஒரு சொட்டு மருந்தை ஆய்வு செய்கிறார்கள். உங்கள் கண் அதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். சேர விருப்பமா?" என்று கேட்டார். யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். சேர்ந்தேன். 12 மாதமும் இருந்தேன். யோசித்துக்கொண்டிருந்த அந்த ஒரு வாரத்தில், உள்ளே போய் வந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன். அதனால் இதை எழுதுகிறேன். சேரலாமா கூடாதா என்பதை உங்கள் கண்ணைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சேர்ந்தால் எப்படி நடந்துகொள்வது என்பதை நான் சொல்கிறேன்.

அழுத்தத்தை ஏன் அளக்கிறார்கள்

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறுகிறது, ஓயாமல் வடிகிறது. இது கண்ணீர் அல்ல. விழியின் உள்ளேயே சுரந்து, கருவிழியின் விளிம்பில் உள்ள சல்லடை போன்ற திசுவின் வழியாகப் பெரும்பகுதி இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வடிகால் மந்தமானால் அழுத்தம் ஏறும். அழுத்தம் பார்வை நரம்பை இழை இழையாகக் கெடுக்கும். கெட்ட இழை திரும்ப வராது. பெரும்பாலானவர்களுக்கு இந்த அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். 21-க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. 25 இருந்தும் பல ஆண்டுகள் ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு.

மருந்து பார்வையைக் காக்கிறதா என்பதுதானே கேள்வி, அப்புறம் ஏன் அழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள் என்று நான் முதல் நாளே கேட்டேன். நரம்பு கெடுவது மிக மெதுவாக நடக்கும். ஒரு மருந்து அதைத் தடுத்ததா என்று காண ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அழுத்தமோ சில வாரங்களில் மாறிவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் நரம்பு தப்பும் என்பது ஏற்கெனவே பெரிய ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. அழுத்தம் கூடியிருந்தும் நரம்பு இன்னும் கெடாத 1,636 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றின் முடிவு 2002-ல் வெளியானது. மருந்து போடாதவர்களில் ஐந்து ஆண்டுகளில் 9.5 சதவீதம் பேருக்குக் கிளாக்கோமா வந்தது, போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கு வந்தது. 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வில் 516 நோயாளிகளில் பாதிப் பேருக்கு லாட்டனோபிராஸ்ட் என்ற சொட்டு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத சொட்டு. மருந்து போட்டவர்களில் பார்வைப் புலம் மோசமானவர்கள் தெளிவாகவே குறைவு.

நாம் இப்போது போடும் எல்லாச் சொட்டுகளும் இப்படி யாரோ ஒருவர் கண்ணில் முதலில் விழுந்தவைதான். டிமோலால் அமெரிக்காவில் 1978-ல் அனுமதி பெற்றது, லாட்டனோபிராஸ்ட் 1996-ல், நெட்டார்சுடில் 2017-ல். நீர் சுரப்பதைக் குறைப்பது டிமோலால். வடிவதற்கான மற்றொரு வழியைத் திறந்துவிடுவது லாட்டனோபிராஸ்ட். சல்லடைத் திசுவையே தளர்த்துவது நெட்டார்சுடில். பெயர் தெரியாத அந்த ஆயிரக்கணக்கானவர்களை நினைத்தபோதுதான் நானும் சேரலாம் என்று தோன்றியது.

ஒப்புதல் படிவத்தைப் பென்சிலோடு படியுங்கள்

எனக்குக் கொடுத்த படிவம் 19 பக்கம். அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்ற மாதிரி பேனாவும் நீட்டினார்கள். நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். உங்களையும் அப்படியே செய்யச் சொல்கிறேன். வீட்டுக்குக் கொடுக்கமாட்டோம் என்று எங்காவது சொன்னால் அந்த ஆய்வில் சேராதீர்கள்.

பென்சிலை எடுத்துக்கொண்டு, புரியாத வரி ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கேள்விக்குறி போடுங்கள். தொழில் புத்தியில் நான் வரிக்கு வரி பார்த்தேன். பழைய மருந்தை 4 வாரம் நிறுத்த வேண்டும் என்று 6-ம் பக்கத்தில் இருந்தது; 11-ம் பக்கத்தில் அதுவே 6 வாரம் என்று இருந்தது. ஓர் எண் மாறியிருக்கிறது என்று விட்டுவிடக்கூடிய பிழை அல்ல இது. மருந்தில்லாமல் என் நரம்பு எத்தனை நாள் நிற்கப்போகிறது என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது. அடுத்த முறை போனபோது காட்டினேன். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் முகம் சுருங்கியது. ஆனாலும் நன்றி சொன்னார். திருத்திய படிவம் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்று வர மூன்று வாரம் ஆனது. சரியான எண் 4. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

படிவத்தில் இல்லாவிட்டாலும் நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டியவை சில உண்டு. புதிய மருந்தை எதோடு ஒப்பிடுகிறார்கள்? பழக்கத்தில் உள்ள மருந்தோடா, மருந்தே இல்லாத சொட்டோடா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த மருந்து இதற்கு முன் எத்தனை பேருக்குப் போடப்பட்டிருக்கிறது? முதல் கட்டம் என்றால் மனிதர்களில் பாதுகாப்பை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். இரண்டாம் கட்டம் என்றால் எந்த அளவு சரி என்று தேடுகிறார்கள். மூன்றாம் கட்டம் என்றால் பலரை வைத்து நிலைத்த மருந்தோடு ஒப்பிடுகிறார்கள். நான் சேர்ந்தது மூன்றாம் கட்டம். முதல் கட்டமாக இருந்திருந்தால், ஒரு கண்ணில் ஏற்கெனவே திட்டு உள்ள நான் சேர்ந்திருக்கமாட்டேன். அழுத்தம் எந்த எண்ணைத் தாண்டினால் ஆய்வை விட்டு வெளியேற்றி வேறு மருந்து தருவார்கள்? மருந்தால் கேடு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? இரவு 2 மணிக்குக் கண் வலித்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது? அந்த எண்ணை உள்ளே போன அன்றே ஒருமுறை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலேயே, நீங்கள் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. இது சலுகை அல்ல, உரிமை. படிவத்தில் இந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆஸ்துமா இருந்தால், இதயத் துடிப்பு மெதுவாக இருந்தால் அதை மறைத்துக்கொண்டு சேராதீர்கள். ஒப்பீட்டு மருந்து பெரும்பாலும் டிமோலாலாக இருக்கும். அது கண்ணில் விழுந்தாலும் மூக்கு வழியாக இரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கவும் நாடியைத் தளர்த்தவும் வல்லது. ஸ்டீராய்டு எந்த உருவில் போட்டாலும் சொல்லுங்கள்: மூக்கில் அடிப்பது, இழுப்பது, தோலில் தடவும் களிம்பு எல்லாமே. ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். களிம்பையெல்லாம் மருந்தென்று யார் நினைக்கிறார்கள்? நானே நினைக்கவில்லை. முழங்கைச் சொறிக்கு ஆறு மாதமாகத் தடவிக்கொண்டிருந்த குழாயை, ஒருங்கிணைப்பாளர் மூன்றாவது முறை கேட்டபோதுதான் நினைவுகூர்ந்தேன்.

பழைய மருந்தை நிறுத்தும் காலம்

எனக்கு மிகவும் பயமாக இருந்தது இந்த 4 வாரம்தான். பழைய சொட்டின் விளைவு முழுவதும் நீங்கினால்தான் புதியது என்ன செய்கிறது என்று தெரியும். எல்லா மருந்துக்கும் ஒரே கால அளவு இல்லை. லாட்டனோபிராஸ்ட் வகைக்கும் டிமோலால் வகைக்கும் பெரும்பாலும் 4 வாரம். பிரிமோனிடினுக்கு 2 வாரம். டார்சோலமைடு, பைலோகார்பின் போன்றவற்றுக்கு 5 நாள் போதும் என்று வைக்கிறார்கள்.

நரம்பு ஏற்கெனவே பெரிதாகக் கெட்டிருப்பவர்களுக்கு இந்த இடைவெளி நல்லதல்ல. அப்படிப்பட்டவர்களை ஆய்வில் சேர்ப்பதில்லை. என் அம்மாவுக்கும் கிளாக்கோமாதான். அவளுக்கு ஒரு கண் போய்விட்டது, மறு கண்ணில் ஒரு வளையம் அளவுக்குத்தான் பார்வை. அவளை யாராவது இப்படிக் கூப்பிட்டிருந்தால் நான் வாசலிலேயே மறித்திருப்பேன். உங்கள் பார்வைப் புல அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "4 வாரம் மருந்தில்லாமல் இருந்தால் இந்தக் கண் தாங்குமா?"

இடையில் ஒரு பாதுகாப்புச் சோதனை வையுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். எனக்கு 2-ம் வார முடிவில் பார்த்தார்கள். மருந்தோடு 18 இருந்த வலக் கண், அப்போது 22. 4-ம் வாரத்தில் 27. ஏறுவதைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். ஆனாலும் ஏறத்தான் வேண்டும். ஏறாவிட்டால் ஆய்வுக்கே தகுதியில்லை. இந்தக் காலத்தில் பழைய குப்பியைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பழக்க தோஷத்தில் ஒரு சொட்டுப் போட்டுவிட்டால், போட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

அளக்கும் நாள்

தொடக்க அளவை ஒரே ஒரு முறை எடுக்கமாட்டார்கள். வேறு வேறு நாட்களில் இரண்டு முறை வரச்சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் காலை 8, 10, மாலை 4 என மூன்று வேளை அளந்தார்கள். கண் அழுத்தம் நாள் முழுவதும் ஏறி இறங்கும். கிளாக்கோமா உள்ளவர்களுக்கு அந்த ஏற்றத்தாழ்வு இன்னும் அதிகம். தவிர, தற்செயலாக அழுத்தம் ஏறியிருந்த ஒரு நாளை மட்டும் வைத்துச் சேர்த்துக்கொண்டால், அடுத்த முறை அது தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள். இரண்டு நாள் அளந்தால் அந்த ஏமாற்றம் குறைகிறது. என் வலக் கண்ணில் முதல் நாள் காலை 8 மணிக்கு 27, 10 மணிக்கு 25, மாலை 4 மணிக்கு 23.

அளக்கும் விதத்தைச் சற்று அருகில் பார்க்கலாம், ஏனென்றால் இதில் உங்கள் பங்கும் இருக்கிறது. மரத்துப்போகும் சொட்டு ஒன்றும் மஞ்சள் சாயமும் கண்ணில் விழும். முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொள்வீர்கள். நீல ஒளி ஒன்று நெருங்கி வரும். அதன் நடுவில் உள்ள சிறு கூம்பின் முனை கருவிழியைத் தொடும்; தொடுவது தெரியாது. அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பச்சை நிறத்தில் இரண்டு அரைவட்டங்கள் தெரியுமாம். சக்கரத்தைத் திருப்பத் திருப்ப அவை நகர்ந்து, உள் விளிம்போடு உள் விளிம்பு ஒட்டும் இடத்தில் நிற்பதுதான் அளவு. 3.06 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு வட்டம் தட்டையாக எவ்வளவு விசை தேவைப்பட்டது என்பதுதான் அந்த எண். கோல்ட்மன் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் 1950-களில் கொண்டுவந்த முறை இது. இன்றும் ஆய்வுகளில் இதைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள்.

எனக்கு வியப்பாக இருந்தது, அந்த அறையில் இருவர் இருந்ததுதான். ஒருவர் நுண்நோக்கி வழியாகப் பார்த்துச் சக்கரத்தைத் திருப்புகிறார். அதில் உள்ள எண்ணை அவர் பார்ப்பதில்லை. மற்றவர் எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு, சக்கரத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுகிறார். பிறகு இன்னொரு முறை. இரண்டு அளவுகளுக்கும் இடையே 2-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. போன மாதம் 20 இருந்ததே, இப்போதும் 20 இருக்கும் என்று மனம் கையைத் தள்ளிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. மெய்ப்புத் திருத்துவதில் நாங்களும் இப்படிச் செய்வோம்: ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், மற்றவர் அச்சைப் பார்ப்பார். இருக்க வேண்டும் என்று நினைக்கும் எழுத்தைக் கண் தானாகவே கண்டுவிடும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் பங்கு இதுதான். கழுத்தை இறுக்கும் உடை வேண்டாம். கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள். மூச்சை அடக்காதீர்கள். கூம்பு நெருங்கும்போது எல்லோருமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், அது எண்ணை ஏற்றும். இமையை இறுக்காதீர்கள், அதுவும் ஏற்றும். தாங்கி எட்டவில்லை என்றால் எக்கிக்கொண்டு உட்காராமல், நாற்காலியை உயர்த்தச் சொல்லுங்கள். வருவதற்கு முன் ஒரே மூச்சில் நிறையத் தண்ணீர் குடிக்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் கழற்றிவிட்டு வாருங்கள். சாயம் லென்ஸில் ஏறும். முதல் நாளில் கருவிழியின் தடிப்பையும் அளப்பார்கள். சராசரி 540 மைக்ரான் அளவில் இருக்கும். மெல்லிய கருவிழியில் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், தடித்ததில் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுவதும் பயன்படும்.

எந்தக் குப்பியில் என்ன

யாருக்குப் புதியது, யாருக்குப் பழையது என்பதைக் குலுக்கல்போலக் கணினி முடிவு செய்கிறது. உங்களுக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. புதியது நாளுக்கு ஒருமுறை, ஒப்பீட்டு மருந்து இருமுறை என்றால், புதியதைப் பெறுபவர்களுக்கும் இரண்டு வேளை போடவைப்பார்கள். அவர்களுடைய காலைக் குப்பியில் மருந்தில்லாத திரவம் இருக்கும்.

கண்டுபிடிக்க முயலாதீர்கள். எரிகிறதா, கசக்கிறதா, பழையதுபோல் இருக்கிறதா என்று துப்பறிய வேண்டாம். காத்திருக்கும் அறையில் பக்கத்தில் இருப்பவரோடு குறிப்புகளை ஒப்பிடவும் வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மருத்துவர்கள் அந்த மறைப்பைத் திறந்து பார்க்க வழி இருக்கிறது. அதற்காகத் தரும் அட்டையைப் பணப்பையிலேயே வைத்திருங்கள்.

ஒரு சொட்டு

இதை நான் அம்மாவின் கன்னத்தில் கற்றேன். பல ஆண்டுகள் அவள் தானே மருந்து போட்டுக்கொண்டாள். "போட்டாயா?" என்று கேட்பேன். "போட்டேன்" என்பாள். பொய் சொல்லும் பழக்கமே அவளுக்கு இல்லை. ஒரு நாள் இரவு தற்செயலாக அவள் அறைக்குள் போனேன். தலையை அண்ணாந்து, இமையை இறுக மூடிக்கொண்டு, குப்பியைப் பிதுக்கினாள். இரண்டு சொட்டும் மூடிய இமையில் விழுந்து கன்னத்தில் வழிந்தன. துடைத்துக்கொண்டு படுத்தாள். எத்தனை ஆண்டுகளாகக் கன்னத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாளோ. அழுத்தம் குறையவில்லை என்று மருத்துவர் மருந்தை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். எந்த மருந்தின் மேலும் தவறில்லை. ஒருமுறைகூட நின்று பார்க்கவில்லையே என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாது.

ஆகவே, ஆய்வு தொடங்கும் முன் ஒருங்கிணைப்பாளர் கண்ணெதிரே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். கையைக் கழுவுங்கள். தலையைப் பின்னால் சாயுங்கள். கை நடுங்கினால் படுத்துக்கொள்ளுங்கள். கீழ் இமையை ஒரு விரலால் மெல்ல இழுத்தால் ஒரு சிறு பை உண்டாகும். பார்வையை மேலே வைத்து, குப்பியை அந்தப் பைக்கு நேர் மேலே பிடித்து ஒரே ஒரு சொட்டு விடுங்கள். முனை இமையையோ முடியையோ தொடக் கூடாது. குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டே கண் தாங்கும் அளவுக்கு மேல்தான். இரண்டாவது சொட்டு வெளியேதான் வழியும். விழுந்ததும் கண்ணை மெதுவாக மூடுங்கள்; சிமிட்டாதீர்கள், பிழியாதீர்கள். மூக்கை ஒட்டிய கண் முனையில் விரலை வைத்து 2 நிமிடம் அழுத்திக்கொண்டிருங்கள். அங்கேதான் கண்ணீர் மூக்குக்கு இறங்கும் துவாரம் இருக்கிறது. அதை அடைத்தால் மருந்து கண்ணில் தங்கும், உடம்பில் கலப்பது குறையும். சொட்டு உள்ளே விழுந்ததா என்று ஐயமாக இருந்தால் இன்னொன்று விடலாம். வேறொரு சொட்டும் போட வேண்டியிருந்தால் 5 நிமிடமாவது இடைவெளி விடுங்கள்.

அளக்கும் நாள் காலையில் மட்டும், எப்போது போட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல ஆய்வுகளில் 8 மணி அளவு முடிந்த பிறகே அன்றைய காலைச் சொட்டு. முந்தைய சொட்டின் பலம் கடைசிவரை நிற்கிறதா என்று பார்ப்பதற்காக அப்படி வைக்கிறார்கள்.

நாட்குறிப்பு

ஒவ்வொரு சொட்டையும் போட்ட நேரத்தோடு குறிக்க ஒரு புத்தகம் தருவார்கள். 3-ம் மாதச் சோதனைக்கு முந்தைய வாரம், அச்சகத்துக்கு ஒரு பெரிய அகராதியின் கடைசிப் படிவங்கள் போகவேண்டி இருந்தது. மூன்று நாள் இரவு பகல் தெரியவில்லை. சொட்டும் போடவில்லை. சோதனைக்கு முந்தைய இரவு நாட்குறிப்பைத் திறந்தால் ஆறு கட்டங்கள் காலி.

நிரப்பிவிடலாம் என்று தோன்றியதை மறைக்கமாட்டேன். பேனாவின் நிறத்தைக்கூட ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒழுங்கானவள் என்று அங்கே எனக்குப் பெயர். படிவத்தில் பிழை கண்டவள் என்று வேறு எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் கன்னம் நினைவுக்கு வந்தது. அவளுக்காவது தெரியாமல் நடந்தது. ஆறு கட்டத்திலும் "போடவில்லை" என்று எழுதினேன்.

மறுநாள் காலை அழுத்தம் 24. அதற்கு முந்தைய சோதனையில் 20. ஒருங்கிணைப்பாளர் நாட்குறிப்பைப் புரட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அம்மா, நீங்கள் இதை எழுதாமல் விட்டிருந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று நாங்கள் எழுதியிருப்போம்" என்றார். பிறகு குப்பியை எடுத்து எடை போட்டார். எத்தனை சொட்டு செலவாகியிருக்கிறது என்பதை அதைவைத்தும் கணக்கிடுகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போவது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம். ஆய்வில் அது இரட்டைக் கேடு. உங்கள் நரம்புக்கு இடையில் காப்பு இல்லை. மருந்தைப் பற்றிப் பிறருக்குப் போகும் தகவலும் பொய். மறந்தால் அன்றே எழுதுங்கள். மறந்த சொட்டை ஈடுகட்ட இரண்டாகப் போடாதீர்கள். பல் துலக்குவது போன்று நாள் தவறாத ஒரு வேலையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பல் துலக்குவதுதான் கைகொடுத்தது. அந்த மூன்று நாளுக்குப் பிறகு ஒரு வேளையும் தவறவில்லை.

உடம்பில் தெரியும் மாற்றங்கள்

இது மருந்தால் வந்ததா, வயதால் வந்ததா என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். என்ன, எந்த நாள், எவ்வளவு நேரம் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். இரண்டாம் மாதத்தில் மாடிப்படி ஏறினால் எனக்குச் சோர்வாக இருந்தது. வயதாகிறது என்று விட்டிருப்பேன். எழுதிக் கொடுத்ததால் நாடி பார்த்தார்கள்: ஆய்வுக்கு முன் 74, இப்போது 61. ஆபத்தில்லை என்று சொல்லி, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் கவனித்தார்கள்.

கண் சிவப்பது பல சொட்டுகளில் வரும். லாட்டனோபிராஸ்ட் வகையில் இமைமுடி நீளும், கண்மணியைச் சுற்றியுள்ள வண்ண வளையத்தின் நிறம் கருக்கலாம். நிறம் மாறினால் பழையபடி திரும்பாது. பிரிமோனிடின் தூக்கத்தைக் கொண்டுவரும். டார்சோலமைடு போட்டால் வாய் கசக்கும். ஆனால் மூச்சுத் திணறல், மயக்கம், நாடி மிகவும் தளர்வது என்றால் அடுத்த சோதனைவரை காத்திருக்காதீர்கள், உடனே அழையுங்கள். கண்ணில் கடும் வலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி, பார்வை திடீரென மங்குவது என்றால் எந்த நேரமானாலும் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். போகும்போது குப்பியையும் அட்டையையும் எடுத்துப் போங்கள்.

எண்கள் 2, 3 ஏறி இறங்குவதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் குதிக்கவோ கலங்கவோ வேண்டாம். மருந்தைப் பற்றிய முடிவும் உங்கள் ஒருவரின் எண்ணால் வருவதில்லை. பல நேரங்களில் புதியது பழையதை வெல்ல வேண்டும் என்பதுகூட ஆய்வின் நோக்கமாக இருக்காது. பழையதைவிடக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மோசமில்லை என்று காட்டினால் போதும். அந்த அளவு 1.5 மி.மீ. போலச் சிறிதாக இருக்கும். 1.5 என்ற வித்தியாசத்தை நம்பிக்கையோடு காண வேண்டும் என்றால், இமையை இறுக்கியதால் ஏறிய 2 எவ்வளவு பெரிய பிழை என்று எண்ணிப் பாருங்கள்.

முடிந்த பிறகு

கடைசிச் சோதனைக்குப் போகும் முன்பே, அன்று இரவு எந்த மருந்தைப் போடுவது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் குப்பிகளை, காலியானவை உட்பட, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும் அன்று வீட்டில் ஒரு சொட்டும் இல்லாமல் நிற்கக் கூடாது. எனக்கு அன்றே பழைய சொட்டைத் தொடங்கினார்கள்; 4 வாரத்தில் அழுத்தம் பார்த்தார்கள்: 18.

என் குப்பியில் என்ன இருந்தது என்ற கடிதம், எல்லோருடைய கணக்கும் முடிந்த பிறகு, பல மாதம் கழித்து வந்தது. டிமோலால். புதிய மருந்து என் கண்ணில் ஒரு சொட்டும் விழவில்லை. மாடிப்படிச் சோர்வுக்கும் நாடித் தளர்வுக்கும் காரணம் அப்போதுதான் விளங்கியது. இப்போது எந்தப் புதிய மருத்துவரைப் பார்த்தாலும் அதை முதலில் சொல்கிறேன்.

வெளியே வரும்போது உங்கள் எல்லா அளவுகளின் நகலையும் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு வேளை அழுத்தம், கருவிழித் தடிப்பு, பார்வைப் புல அறிக்கைகள், நரம்பின் படங்கள். வழக்கமான சிகிச்சையில் ஆண்டுக்கு மூன்று, நான்கு அளவுதான் கிடைக்கும். ஆய்வில் ஒரே ஆண்டில் பல மடங்கு கிடைக்கிறது. மருந்தில்லாமல் உங்கள் அழுத்தம் எவ்வளவு, காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்பது வேறெங்கும் கிடைக்காத விவரம். என்னுடையது ஒரு நீலக் கோப்பில் இருக்கிறது. அதைப் புரட்டிய என் மருத்துவர், எனக்கு எப்போதும் காலையில்தான் அழுத்தம் ஏறுகிறது என்று பார்த்து, இனி என்னைப் பகல் வேளையில் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தார். இப்போது என் சோதனை நேரம் காலை 8 மணி.